மலேரியா விஞ்ஞானி ஏன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்? ஹென்றி ஷார்ட்டும் கடத்தூர் போர்வெல்லும்

கடத்தூர் பக்கம் ஒரு வீட்டில் புதுசா போர் போட்டால் முதல் பரிசோதனைக் கருவி நாக்குதான். ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். கரித்தால் அது உப்புத் தண்ணி. துணி துவைக்க, தோட்டத்துக்கு, வெற்றிலைக் கொடிக்காலுக்கு. கரிக்கவில்லை என்றால் அது நல்ல தண்ணி. நேராக அடுப்படிக்குப் போய்விடும். வீட்டில் கொஞ்சம் விவரமான பிள்ளை இருந்தால் ஆன்லைனில் வாங்கிய டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கிப் பார்க்கும். நம்பர் குறைவாக வந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

நாக்கு, மீட்டர் இரண்டுமே கண்டுபிடிக்காத ஒன்று அந்தத் தண்ணீரில் இருக்கலாம். ஃப்ளோரைடு. அதற்கு நிறம் இல்லை, வாசம் இல்லை, குடிநீரில் இருக்கும் அளவில் ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருகிற பெயர்களில் ஒன்று தர்மபுரி மாவட்டம். பல்லில் பழுப்புக் கறை, நடுத்தர வயதிலேயே குனிய முடியாத முதுகு என்று அதன் அடையாளங்கள் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல.

குடிக்கிற தண்ணீருக்கும் அந்த முதுகுக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை இந்தியாவில் முதன்முதலில் ஆராய்ந்து எழுதியது சென்னை கிண்டியில் இருந்த ஒரு குழு. வருஷம் 1937. குழுவின் முதல் பெயர் ஹென்றி எட்வர்ட் ஷார்ட். மருத்துவ வரலாற்றில் இவரைத் தேடினால் மலேரியா பக்கத்தில்தான் கிடைப்பார். தண்ணீர்க் கதை அவருடைய வாழ்க்கையில் ஓர் இடைச்செருகல் மாதிரி. ஆனால் தர்மபுரிக்காரர்களுக்கு அதுதான் முக்கியமான பகுதி.

யார் இந்த ஷார்ட்?

1887 ஏப்ரலில் பஞ்சாபின் தாரிவாலில் பிறந்தவர். பெயர்தான் ஸ்காட்லாந்துப் பக்கம், பிறந்த மண் இந்தியா. படிப்புக்கு ஸ்காட்லாந்து போய், அபெர்டீன் பல்கலைக்கழகத்தில் 1910ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து திரும்பி வந்துவிட்டார். இந்திய மருத்துவப் பணி என்பது அப்போது ராணுவத்தோடு சேர்ந்த அமைப்பு. டாக்டர்களுக்கு கேப்டன், மேஜர், கர்னல் என்று ராணுவப் பதவி உண்டு. ஷார்ட்டும் கர்னல் வரை போனவர்.

அவருக்கு நோயாளியின் படுக்கையைவிட மைக்ரோஸ்கோப்தான் பிடித்த இடம். 1920களில் அசாமுக்குப் போனார். அங்கே காலா அசார் என்ற காய்ச்சல் கிராமம் கிராமமாக ஆட்களைக் காலி செய்துகொண்டிருந்தது. மண்ணீரல் வீங்கும், உடம்பு கறுக்கும், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணம். நோய்க்கிருமி எது என்று தெரிந்துவிட்டது. அது ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு எப்படிப் போகிறது என்றுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க அமைக்கப்பட்ட ஆணையத்தில் கிறிஸ்டோபர்ஸ் என்ற மலேரியா நிபுணரோடு வேலை செய்தார் ஷார்ட். பிறகு அவரே அதை நடத்தினார். மணல் ஈ என்ற பொடிப் பூச்சி மேல் எல்லோருக்கும் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் முயற்சி செய்தும் கடைசி முடிச்சு மட்டும் அவிழவில்லை.

அந்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டு 1930களில் சென்னைக்கு வந்தார், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக. கொரோனா நாட்களில் பரிசோதனை முடிவுக்காகத் தினமும் காதில் விழுந்ததே, அதே கிங் இன்ஸ்டிடியூட்தான். அம்மை தடுப்பூசி தயாரிக்கத் தொடங்கப்பட்ட இடம். பிறகு மாகாணத்தின் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. குடிநீர் மாதிரிகளைச் சோதிப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. காலரா பயம் இருந்த காலம். தண்ணீர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அன்றைக்கு ஒரே அர்த்தம்தான்: கிருமி இருக்கிறதா, இல்லையா?

முதலில் விழுந்தது மாடு

இங்கே கதையைக் கொஞ்சம் வெளியூருக்குக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற ஒன்றைத் தேட வேண்டும் என்பதே 1931 வரை யாருக்கும் தோன்றவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு 1901ல் வந்த ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், உள்ளூர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு அந்தக் கறை இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகப்பட்டு முப்பது வருஷம் அலைந்தார். தண்ணீரைச் சோதித்தவர்கள் எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் அலுமினியக் கம்பெனி ஒன்றின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரை நிறமாலைமானியில் பார்த்தபோது லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருந்தது. அதே சமயத்தில் வட ஆப்பிரிக்காவின் பாஸ்பேட் பூமியில் ஆடுமாடுகளின் பல்லைத் தின்றுகொண்டிருந்த தார்மூஸ் என்ற நோய்க்கும் இதே ஆசாமிதான் காரணம் என்று வேலு என்ற பிரெஞ்சு விலங்கு மருத்துவர் கண்டுபிடித்தார். (பெயரைப் பார்த்து நம்மூர்க்காரர் என்று நினைக்க வேண்டாம்.) 1932ல் டென்மார்க்கில் கிரையோலைட் தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களின் எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிந்தது. ஆக, ஃப்ளோரைடு பல்லோடு நிற்பதில்லை, எலும்புக்கும் போகிறது. ஆனால் அது ஆலைத் தூசி. குடிதண்ணீரால் ஓர் ஊரே அப்படி ஆகுமா என்பது அப்போது திறந்த கேள்வி.

சென்னை மாகாணத்தில் பதில் மாட்டுத் தொழுவத்தில் இருந்தது. உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதை விவசாயிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடு நடக்கவில்லை என்றால் உழவு இல்லை. அதனால் மனிதனின் முதுகு வலிக்கு முன்பே மாட்டின் கால் கவனத்துக்கு வந்தது. 1935ல் விசுவநாதன் என்ற ஆய்வாளர் இது ஃப்ளோரைடு நஞ்சு என்று எழுதினார். மாடு குடித்த அதே நிலத்தடி நீரைத்தான் மாட்டுக்காரரும் குடித்தார்.

1937: பொதிலி, தர்சி, கனிகிரி

மூன்றும் அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் வறண்ட பகுதிகள். பின்னாளில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துக்குப் போனவை. ஆறு பாய்ச்சல் கிடையாது, கிணறுதான் கதி. அங்கே முப்பது வயதைத் தாண்டிய ஆட்களிடம் ஒரே மாதிரியான ஒரு வரிசை தெரிந்தது. முதலில் கை காலில் மதமதப்பு. பிறகு இடுப்பில் வலி, விறைப்பு. விறைப்பு மெல்ல மேலே ஏறி முதுகுத்தண்டு முழுக்க ஒரே கழி மாதிரி ஆகிவிடும். கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. முற்றிய நிலையில் எழுந்து நடக்கவே இன்னொருவர் கை வேண்டும். மூளை, பேச்சு எல்லாம் தெளிவாக இருக்கும், உடம்பு மட்டும் பூட்டிக்கொள்ளும்.

ஷார்ட்டோடு இந்த ஆய்வில் மூன்று பேர் சேர்ந்தார்கள். மெக்ராபர்ட் மருத்துவர். பர்னார்ட் எக்ஸ்ரே நிபுணர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இன்றைக்கும் கதிரியக்கப் பிரிவுக்கு அவர் பெயர்தான். நான்காமவர் மன்னாடி நாயர். எக்ஸ்ரேயில் முதுகெலும்புகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துக் கிடந்தன. எலும்புகளை இணைக்கும் தசைநார்களே கெட்டிப்பட்டு எலும்பாகிக்கொண்டிருந்தன. டென்மார்க் ஆலைத் தொழிலாளர்களிடம் பார்த்த அதே படம். வித்தியாசம் ஒன்றுதான்: இவர்கள் எந்த ஆலைக்கும் போனதில்லை. தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச் இதழில் அந்த ஆண்டு வந்த கட்டுரைதான், இந்தியாவில் மனிதர்களுக்கு வரும் ஃப்ளோரோசிஸ் பற்றிய முதல் பெரிய பதிவு. இன்றைக்கும் இந்தத் துறையில் எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதே ஆண்டில் பண்டிட், ராகவாச்சாரி இருவரோடும் சேர்ந்து நெல்லூர் பற்றி இன்னொரு கட்டுரையும் எழுதினார் ஷார்ட்.

இதில் பெரிய விஷயம் நோயைக் கண்டுபிடித்தது மட்டுமல்ல. தண்ணீரின் தரம் என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறியது. அதுவரை கெட்ட தண்ணீர் என்றால் வெளியிலிருந்து ஏதோ கலந்த தண்ணீர்: சாக்கடை, கிருமி, குப்பை. இங்கே யாரும் எதையும் கலக்கவில்லை. பாறையே கலந்திருந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்த, கிருமியே இல்லாத கிணறுகூட ஆளை முடக்கும் என்பதை அன்றைய சுகாதாரத் துறை ஜீரணிக்க வேண்டியிருந்தது.

ஷார்ட் இந்த வேலையிலிருந்து நகர்ந்த பிறகு பண்டிட் குழு அதைத் தொடர்ந்தது. 1940ல் அவர்கள் எழுதியதில் சங்கடமான ஒரு கண்டுபிடிப்பு உண்டு. தண்ணீரில் ஒரே அளவு ஃப்ளோரைடு இருந்தாலும், சத்தான சாப்பாடு இல்லாத, குறிப்பாக வைட்டமின் சி போதாத ஏழைக் கிராமங்களில் பாதிப்பு கடுமையாக இருந்தது. கிணறு எல்லோருக்கும் பொது. முடங்கியது எல்லோரும் சமமாக அல்ல. இந்த பண்டிட்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனவர்.

அப்புறம் மலேரியா

ஷார்ட் அசாமில் விட்டுவந்த முடிச்சுக்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் திரும்பினார். இதற்கிடையே ஸ்மித் என்ற ஆய்வாளர் ஒரு வினோதமான குறுக்குவழியைக் கண்டுபிடித்திருந்தார்: மணல் ஈக்கு ரத்தம் குடித்த பிறகு உலர்ந்த திராட்சைச் சாறு கொடுத்தால் அதன் உடம்புக்குள் கிருமி செழித்து வளர்கிறது. அந்த ஈக்களைத் தன்னார்வலர்களைக் கடிக்க விட்டார்கள் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும். நோய் தொற்றியது. 1942ல் முடிவு வெளியானது. ஏறக்குறைய இருபது வருஷத் தேடல் ஒரு காய்ந்த திராட்சையால் முடிந்தது.

போருக்குப் பிறகு லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி. அங்கேதான் அவருடைய பெயரைப் பாடப்புத்தகத்தில் ஏற்றிய வேலை நடந்தது. மலேரியாக் கொசு கடித்ததும் கிருமி உடம்புக்குள் போகிறது. ஆனால் அடுத்த ஒரு வாரத்துக்கு ரத்தத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பிறகு திடீரென்று வந்து நிற்கும். அந்த ஒரு வாரம் எங்கே போகிறது? நேராக ரத்த அணுவுக்குள் நுழைவதைத் தானே பார்த்ததாக ஷாவ்தின் என்ற பெரிய ஜெர்மன் விஞ்ஞானி எழுதிவைத்துவிட்டதால் நாற்பது வருஷத்துக்கும் மேல் பலர் தப்பான இடத்தில் தேடினார்கள். ஷார்ட்டும் சக ஆய்வாளர் கார்ன்ஹாமும் ஒரே குரங்கைச் சுமார் 500 கொசுக்களைக் கடிக்க விட்டு, ஏழாவது நாள் அதன் ஈரலை எடுத்துப் பார்த்தார்கள். கிருமி அங்கே இருந்தது. 1948. அதே ஆண்டில் மனிதனுக்கு வரும் மலேரியாவிலும் இதுவேதான் நடக்கிறது என்று காட்டினார்கள். இன்றைக்கு மலேரியா காய்ச்சல் நின்ற பிறகும் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்காகத் தனியாக ஒரு மாத்திரை கொடுக்கிறார்களே, அதன் அவசியம் புரிந்தது இந்த வழியில்தான்.

1950ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1987 நவம்பரில் நூறு வயது நிறைந்து இறந்தார். மூன்று வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனுஷன் வாழ்நாள் முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார் என்று தோன்றும்: இது எங்கிருந்து உள்ளே வருகிறது? கண்ணில் படும் இடத்தில் பதில் இல்லாத கேள்விகளாகவே அவருக்கு அமைந்தன.

சரி, கடத்தூருக்கு இதில் என்ன?

ஷார்ட் நெல்லூரில் வேலை செய்தபோது கடத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல்தான். நெல்லூருக்கும் இங்கேயும் பொதுவானது நிலத்தடியில். இரண்டும் கடினப் பாறை பூமி. இந்தப் பாறைகளில் இருக்கும் கருப்பு அப்பிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட், ஃப்ளோரைட் போன்ற கனிமங்களுக்குள் ஃப்ளோரைடு அடைந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி வருஷக்கணக்கில் தேங்கி நிற்கும்போது அது கரைந்து வருகிறது.

எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது சுண்ணாம்பு. தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய காரத் தண்ணீர் என்றால் பிடிக்க ஆள் இல்லை. ஃப்ளோரைடு ஏறிக்கொண்டே போகும். கால்சியம் குறைந்த தண்ணீர் எப்படி இருக்கும்? சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் நிற்காது. அதாவது, நாம் நல்ல தண்ணி என்று சொல்கிற லட்சணங்கள் கணிசமாகப் பொருந்தும். எல்லா நல்ல தண்ணியும் ஆபத்து என்று அர்த்தமில்லை. நுரையையும் ருசியையும் வைத்து ஃப்ளோரைடைத் தீர்மானிக்க முடியாது என்றுதான் அர்த்தம். டிடிஎஸ் மீட்டரும் மொத்தக் கரைசலைக் குத்துமதிப்பாகச் சொல்லுமே தவிர அதில் எது எவ்வளவு என்று பிரிக்காது. 500 என்று காட்டும் தண்ணீரில் ஃப்ளோரைடு அரை மில்லிகிராமும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம்.

போர்வெல் வந்த கதையிலும் ஒரு முரண் இருக்கு. 1960களின் கடைசியில் வறட்சி வந்தபோது யுனிசெஃப் உதவியோடு கடினப் பாறையைத் துளைக்கும் ரிக் இயந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. திறந்த கிணற்றில் காலரா கிருமி. ஆழத்துத் தண்ணீர் சுத்தம். கணக்கு சரிதான், கிருமியைப் பொறுத்தவரை. பிறகு நம்ம திருச்செங்கோட்டு வண்டிகள் நாடு முழுக்கத் துளைத்தன. ஆழம் போகப் போக, பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீர் மேலே வர ஆரம்பித்தது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவும் 1.5தான். அதைத் தாண்டினால் பல்லில் கறை. 3 முதல் 6 வரை போனால் எலும்பு பாதிப்பு தெரியலாம். 10ஐத் தாண்டினால் முடக்கம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. ஆனால் இது எவ்வளவு குடிக்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஏசி அறையில் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 1.5 அளவுத் தண்ணீரில் போவது 3 மில்லிகிராம். சித்திரை வெயிலில் கொடிக்காலிலோ செங்கல் சூளையிலோ நின்று ஐந்து லிட்டர் குடிப்பவருக்கு அதே தண்ணீரில் 7.5. அதனால்தான் இந்தியாவில் குறைந்த அளவிலேயே முடங்கிய ஆட்கள் உண்டு. பண்டிட் சொன்ன சாப்பாட்டுக் காரணம் தனி.

பல் விஷயத்தில் நேரம் முக்கியம். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை, குடித்த தண்ணீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. மெக்கேயின் ஊரில் பெரியவர்களாக வந்தவர்கள் தப்பித்தது இதனால்தான். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது அழுக்கல்ல, எனாமலே அப்படி. பல் தேய்க்காத பிள்ளை என்று ஒரு குழந்தையைக் கேலி செய்வதற்கு முன் இது தெரிந்திருக்கணும். எலும்பிலோ, ஒருமுறை கெட்டிப்பட்டதை மருந்து திருப்பித் தராது. தண்ணீரை மாற்றுவதுதான் ஒரே வழி.

தண்ணீரை மாற்றும் பெரிய முயற்சி இங்கே நடந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் நிதியுதவி, ஏறக்குறைய 1,900 கோடி ரூபாய், 2008ல் கர்நாடக எல்லையில் கிளம்பிய பெரிய தகராறு எல்லாவற்றையும் தாண்டி 2013 மே மாதம் காவிரித் தண்ணீர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வந்தது. ஆற்றுத் தண்ணீர் பாறையில் வருஷக்கணக்கில் தேங்கி நிற்பதில்லை. அதனால் ஃப்ளோரைடு குறைவு. பிரச்சினை, குழாயில் அந்தத் தண்ணீர் வராத நாளில். அன்றைக்குக் கை போவது வீட்டு போர் சுவிட்சுக்குத்தான். எப்பவாவது ஒரு நாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாரத்தில் நான்கு நாள் அதுவே என்றால் கணக்கு வேறு.

ஆர்ஓ இயந்திரம் ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும், ஃபில்டரைச் சரியாக மாற்றினால். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரும் யூவி விளக்கும் நீக்காது, அவை கிருமிக்கானவை. ஆர்ஓ கழித்துத் தள்ளும் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்கும், அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது நல்லதல்ல. 1935ல் முதலில் கால் இறுகியது மாட்டுக்குத்தான்.

தோட்டத்துக்கு வேறு அளவுகோல். அங்கே பார்க்க வேண்டியது உப்பின் மொத்த அளவும், கால்சியம் மெக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற விகிதமும். சோடியம் கூடினால் மண் இறுகிக் களர் ஆகும், தண்ணீர் கீழே இறங்காது. குடிக்க ஆகாத கிணறு கொடிக்காலுக்கு ஆகலாம். மென்மையாக ருசிக்கும் கிணறு மண்ணைக் கெடுக்கலாம். ஒரே தண்ணீருக்கு இரண்டு மார்க் ஷீட்.

மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்ட பிறகு பிடித்த தண்ணீரைக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. விண்ணப்பத்தில் ஃப்ளோரைடு என்று தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கோடைக்கும் மழைக்கும் அளவு மாறும் என்பதால், பங்குனியில் ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்து ஒருமுறை.